எம்ஜிபி காருக்கு எலெக்ட்ரிக் ஃபேன்: பழைய விசிறியைக் கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எம்ஜிபி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், கோடைக்காலத்தில் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் சூட்டுக்குத்தான் வந்து நிற்கும். நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை, ஊருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்டியதும் டெம்பரேச்சர் முள் மெதுவாக ஏற ஆரம்பிக்கிறது, வண்டி நகர்ந்ததும் தானாக இறங்கிவிடுகிறது. "எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுவிடலாமா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். போடலாம், நல்ல மாற்றம்தான். ஆனால் ஃபேனை வாங்கி ரேடியேட்டரில் மாட்டுவது இந்த வேலையில் சின்னப் பங்கு. காற்று எந்த வழியாகப் போகப்போகிறது, ஃபேனுக்கான மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது என்ற இரண்டையும் யோசிக்காமல் மாட்டினால், பழைய பெல்ட் ஃபேனே தேவலை என்று ஆகிவிடும்.

கார் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எம்ஜிபி 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. 1798 சிசி கொள்ளளவுள்ள பி-சீரிஸ் இன்ஜின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், திறந்த மேல்பகுதி, எளிய இயந்திர அமைப்பு, இன்றும் எல்லா உதிரிபாகமும் கிடைக்கும் வசதி. இங்கிலாந்தின் மிதமான வெயிலுக்குச் செய்த கார், டெக்சாஸிலும் அரிசோனாவிலும் ஆகஸ்ட் மாத நெரிசலில் நின்றது. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக பெட்ரோலும் காற்றும் கலந்த மிக்ஸ்சரை மெலிதாக்கி, இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளி வைத்ததும் அந்த இன்ஜின்களின் சூட்டை இன்னும் கூட்டியது.

முதலில் பழைய ஃபேன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வாட்டர் பம்ப்பின் முன்முனையில், பெல்ட் புல்லியோடு சேர்த்து நாலு போல்ட்டில் முடுக்கியிருக்கும். கிளட்ச் கிடையாது, சூட்டைப் பார்த்துப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் சுவிட்ச் கிடையாது. இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும், இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப வேகம் கூடும், குறையும். எளிமையானது, பழுதாக எதுவுமில்லை, பெல்ட் அறுந்தால் மட்டும்தான் நிற்கும். இந்த எளிமையை மதிக்க வேண்டும்.

சிக்கல் அது சுற்றும் நேரத்தில் இருக்கிறது. ஃபேன் தள்ளும் காற்றின் அளவு அதன் சுற்று வேகத்தோடு நேராகக் கூடும், அது எழுப்பும் அழுத்தம் வேகத்தின் இருமடியாகவும், அது விழுங்கும் சக்தி மும்மடியாகவும் கூடும். இதை எம்ஜிபி-யில் வைத்துப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சுமார் 800 சுற்றில் ஓடுகிறது, ஓவர்டிரைவ் இல்லாமல் டாப் கியரில் மணிக்கு 110 கிலோமீட்டர் போனால் 3900 சுற்றுக்குப் பக்கத்தில் வரும். ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகம். மும்மடிக் கணக்கில் அது 100 மடங்குக்கும் மேலான சக்தி. ஓடும் காரில் எதிர்க்காற்று முன்பக்கம் தள்ளுவதால் உண்மையான சுமை அவ்வளவு வராது, ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்: காற்று அவசியம் தேவைப்படும் ஐட்லிங்கில் இந்த ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது, மணிக்கு 50, 60 கிலோமீட்டர் தாண்டியதும் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும் என்ற நிலையில் மும்முரமாகச் சுற்றி, இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கைச் சத்தமாக மாற்றுகிறது. ஃபேனைக் கழற்றிய எம்ஜிபி-யை முதல் தடவை 4000 சுற்றுக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் கவனிப்பது அந்தச் சத்தம் இல்லாததைத்தான்.

எலெக்ட்ரிக் ஃபேன் இதைத் தலைகீழாக்குகிறது. இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும், அதாவது ஐட்லிங்கிலும் முழுக் காற்று வரும். தேவையில்லாதபோது நின்றுவிடும். வாட்டர் பம்ப் பேரிங்கின் மேல் தொங்கும் எடையும் குறையும்.

இந்த மாற்றத்தைத் தயாரித்தவர்களே செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "ஒரிஜினாலிட்டி போய்விடுமே" என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. 1973-இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரில், ரோவரின் மூன்றரை லிட்டர் இன்ஜினை நுழைக்க ரேடியேட்டரை முன்னால் தள்ளி, இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன்களை வைத்தார்கள். பிறகு 1977 மாடலுக்காக, நாலு சிலிண்டர் எம்ஜிபி-யிலும் ரேடியேட்டர் முன்னால் நகர்ந்தது, பெல்ட் ஃபேன் போய் தெர்மோஸ்டாட் சுவிட்சோடு எலெக்ட்ரிக் ஃபேன் வந்தது. இங்கிலாந்துக் கார்களுக்கு ஒன்று, அமெரிக்கக் கார்களுக்கு இரண்டு. ஆக, 1960-களின் காரில் எலெக்ட்ரிக் ஃபேன் போடுகிறவர் ஆபிங்டன் 1976-இல் எடுத்த முடிவைத்தான் கொஞ்சம் முன்கூட்டி எடுக்கிறார். கழற்றிய ஃபேனையும் போல்ட்டுகளையும் பத்திரமாக எடுத்து வைத்தால், ஒரு மதிய நேரத்தில் பழையபடி மாற்றியும் விடலாம்.

சரி, ஃபேன் வாங்கப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கார் எப்போது சூடாகிறது? நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்றோட்டம்தான் குறை, புது ஃபேன் அதைத் தீர்க்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போதே சூடாகிறது என்றால் உலகத்தின் எந்த ஃபேனும் அதைத் தீர்க்காது. அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குள் வரும் எதிர்க்காற்று, எந்த எலெக்ட்ரிக் ஃபேன் இழுப்பதையும் விட அதிகம். அங்கே குறை தண்ணீர்ப் பக்கம் இருக்கும், அல்லது எரிப்பில் இருக்கும்: அடைத்துப்போன ரேடியேட்டர் குழாய்கள், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), பம்ப்பின் உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், பின்தங்கிய டைமிங், மெலிந்த மிக்ஸ்சர், ஹெட் கேஸ்கெட் கசிவு. ஃபேனை மாற்றியும் சூடு தீரவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்.

பி-சீரிஸ் இன்ஜினில் குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிளாக்கின் பின்பக்கம் தண்ணீரை வடிப்பதற்கு ஒரு சின்னக் குழாய்த் திருகு இருக்கிறது. பல வருஷம் வெறும் தண்ணீரில் ஓடிய இன்ஜினில் அதைத் திறந்தால் ஒரு சொட்டுக்கூட வராது. திருகை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, உறுதியான கம்பியால் துளைக்குள் குத்திக் கிளறினால், முதலில் தவிட்டு நிறத்தில் சேறு வரும், பிறகு துருச் செதில்கள், அதற்குப் பிறகுதான் தண்ணீர். கடைசி சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போக வேண்டிய இடத்தில் அத்தனையும் தங்கியிருந்தது என்று அர்த்தம். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் பைப்பால் அலசி, நல்ல கூலண்ட் ஊற்றினால், பல கார்களுக்குப் புது ஃபேனே தேவைப்படாமல் போகும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடும், 10 பவுண்டு மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மலிவான பொருள்தான், சந்தேகமிருந்தால் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நெரிசலில் முள் ஏறுகிறது என்றால், இப்போது ஃபேன்.

முதல் முடிவு, முன்னாலா பின்னாலா. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் ஃபேன் காற்றை உள்ளே தள்ளும், பின்னால் இன்ஜின் பக்கம் வைத்தால் உள்ளே இழுக்கும். இழுக்கும் ஃபேன்தான் பொதுவாக நல்லது. முன்னால் வைத்த ஃபேனின் மோட்டாரும் சட்டமும் றெக்கைகளும் கார் ஓடும்போது எதிர்க்காற்றை மறைத்துக்கொண்டு நிற்கும், ஃபேன் தேவையே இல்லாத நேரத்திலும் கூட. எம்ஜிபி-யில் இன்னொரு காரணமும் இருக்கிறது: ஆயில் கூலர் உள்ள கார்களில் அது ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கும், அங்கே ஃபேனையும் வைத்தால் நெருக்கடி. ஆனால் பின்னால் இடம் குறைவு. 1976-க்கு முந்தைய கார்களில் ரேடியேட்டர் இன்ஜினுக்கு நெருக்கமாக இருக்கிறது, வாட்டர் பம்ப் புல்லியின் முகத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள தூரத்தை பெல்ட் ஃபேனைக் கழற்றிய பிறகு அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, திடீர் பிரேக்கில் கொஞ்சம் முன்னால் வரும், அதற்கும் இடம் விடுங்கள். இத்தாலியின் ஸ்பால் போன்ற நிறுவனங்களின் மெல்லிய ஃபேன்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். கென்லோ, ரெவோடெக் போன்ற பிரிட்டிஷ் பெயர்களில் முழு கிட்டாகவும் வந்திருக்கின்றன.

ஃபேனின் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாத திறந்தவெளியில் அளந்தது. நம் ஃபேன் இழுக்க வேண்டியதோ நெருக்கமான ஃபின்களும் குழாய்களும் நிறைந்த ரேடியேட்டர் வழியாக. தடை கூடக் கூட ஒவ்வொரு ஃபேனும் வெவ்வேறு அளவில் தளரும். நல்ல தயாரிப்பாளர்கள் தடைக்கு ஏற்பக் காற்றளவு எப்படிக் குறைகிறது என்ற வரைபடத்தைக் கொடுப்பார்கள், அது இருக்கிற ஃபேனை வாங்குவதுதான் என் தேர்வு. அது கிடைக்காவிட்டால் மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று பாருங்கள். மெல்லிய மோட்டார் நாலு ஆம்பியரில் சூறாவளியைக் கிளப்பும் என்று யாராவது சொன்னால், அந்தக் காற்றுக்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

இதைவிட முக்கியம் கூண்டு, அதாவது ஷ்ரௌட். வட்டமான ஃபேனைச் செவ்வகமான ரேடியேட்டரில் நேரடியாக ஒட்டி வைத்தால், அந்த வட்டத்துக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதி மட்டும்தான் குளிரும், நாலு மூலையும் சும்மா நிற்கும். இன்னும் மோசம், ஓரங்களில் திறப்பு இருந்தால் இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றே சுற்றிவந்து திரும்ப ரேடியேட்டருக்குள் நுழையும். ஊதுகுழல் இல்லாமல் தூரத்தில் நின்று விறகடுப்பை ஊதினால் மூச்சு எப்படி வீணாகுமோ அதே கதைதான். ரேடியேட்டர் முழுவதையும் மூடி, ஃபேன் வட்டத்தில் மட்டும் திறந்திருக்கும் அலுமினியக் கூண்டு போட்டால், அதே ஃபேன் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும். கூண்டின் பின்முகம் ரேடியேட்டரோடு ஒட்டாமல் ஓரிரு அங்குல இடைவெளி இருந்தால் நல்லது, எம்ஜிபி-யில் கிடைக்கிற அளவு விடுங்கள். கூண்டுக்கும் ஒரு குறை உண்டு: வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று வெளியேற வழி சுருங்கிவிடும். அதற்காகத்தான் பல கூண்டுகளில் ரப்பர் மடல்கள் வைத்திருக்கிறார்கள், ஃபேன் இழுக்கும்போது மூடிக்கொள்ளும், வேகத்தில் எதிர்க்காற்று தள்ளித் திறக்கும்.

ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டின் மேல் ஓரத்தில் ஒரு ஃபோம் பட்டை இருக்க வேண்டும், பானெட்டை மூடியதும் அது இடைவெளியை அடைக்கும். ஐம்பது வருஷத்தில் அது உதிர்ந்து காணாமல் போயிருக்கும். அந்த இடைவெளி வழியாகக் காற்று ரேடியேட்டரைத் தொடாமலே தாண்டிப்போகும். சில ரூபாய்க்கான ஃபோம், ஆனால் பெரிய ஃபேனுக்குச் சமமான பலன் தரும் இடங்களில் அதுவும் ஒன்று.

மாட்டும் முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஃபின்களின் ஊடே பிளாஸ்டிக் கம்பிகளைக் குத்தி ஃபேனைத் தொங்கவிடும் முறை மலிவு, எளிது, ஆனால் வண்டியின் அதிர்வில் அந்தக் கம்பியும் ஃபேனின் விளிம்பும் மெல்லிய தண்ணீர்க் குழாயை உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் ரேடியேட்டர் கசியும். பக்கச் சட்டத்திலிருந்து தகடு வளைத்துத் தாங்கி செய்து மாட்டுவதுதான் சரியான வேலை.

இப்போது மின்சாரம். இந்த வேலையில் அதிகம் பேர் தோற்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1967 வரை வந்த எம்ஜிபி-களில் சார்ஜ் செய்வது லூகாஸ் சி40 டைனமோ. அதன் உச்ச அளவு 22 ஆம்பியர், அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது. மழை பெய்யும் ஒரு ராத்திரி, நெரிசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர். சைடு லைட், டெயில் லைட், டேஷ்போர்டு விளக்குகள் இரண்டு, மூன்று. இக்னிஷன் காயில் மூன்றுக்கு மேல். வைப்பர் மூன்று, கண்ணாடியின் ஆவியைப் போக்க ஹீட்டர் மோட்டார் இன்னொரு மூன்று. பிரேக்கில் கால் இருந்தால் பிரேக் லைட் மூன்றரை. கூட்டிப் பாருங்கள், ஃபேன் இல்லாமலே 22-ஐத் தாண்டுகிறது. அதன்மேல் 8, 10 ஆம்பியர் ஃபேனை ஏற்றுகிறோம். ஐட்லிங்கில் அந்த டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது, சார்ஜ் விளக்கு மங்கலாக எரிவதே அதற்குச் சாட்சி. ஆக, ஃபேன் வேலை செய்ய வேண்டிய அதே நேரத்தில் மொத்தச் சுமையும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தலையில் விழுகிறது.

பேட்டரி இறங்க இறங்க வோல்டேஜ் குறையும், ஃபேனின் வேகமும் குறையும். 13.8 வோல்ட்டில் சுற்றும் மோட்டார் 11.5 வோல்ட்டில் சுமார் ஆறில் ஒரு பங்கு வேகம் இழக்கும். மும்மடிக் கணக்கை இங்கேயும் போட்டால், காற்றுக்குப் போகும் சக்தி 60 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். பெரிய ஃபேன் வாங்கியும் குளிரவில்லை என்று சொல்பவர்களின் காரில் ஃபேனின் முனையில் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தால் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

அதனால் என் கருத்து இது: டைனமோ உள்ள காரில் முதலில் ஆல்டர்னேட்டர், பிறகுதான் எலெக்ட்ரிக் ஃபேன். பகலில் மட்டும், அதுவும் எப்போதாவது ஓட்டுகிற காரென்றால் சின்ன ஃபேனோடு டைனமோவிலேயே ஓட்டிவிடலாம், ஆனால் ராத்திரியும் மழையிலும் ஓட்டுகிற காருக்கு அது தாங்காது. 1967 இறுதியில் எம்ஜி நிறுவனமே 34 ஆம்பியர் வகை ஆல்டர்னேட்டருக்கு மாறியது, ஐட்லிங்கில் கூட அது ஓரளவு சார்ஜ் தரும். பின்னாளில் வந்த பெரிய ஆல்டர்னேட்டர்கள் கிட்டத்தட்ட அதே இடத்தில் பொருந்தும். தோற்றம் மாறக்கூடாது என்பவர்களுக்கு, டைனமோ போலவே தெரியும் உறைக்குள் ஆல்டர்னேட்டரை அடக்கியும் விற்கிறார்கள். எதைப் போட்டாலும், ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் பழுப்பு வயரையும் அதற்கேற்பத் தடிமனாக மாற்ற வேண்டும். பழைய வயர் 22 ஆம்பியருக்குக் கணக்குப் பார்த்துப் போட்டது.

டைனமோ காலத்துக் கார்களில் இன்னொரு விஷயம், பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். ஃபேன் மோட்டார் நிரந்தரக் காந்த வகை, வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும், அதனால் மோட்டாரில் போட்டிருக்கும் நிறத்தை நம்பி இணைக்காமல் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு தாளை வைத்துப் பாருங்கள். ரேடியேட்டரில் தாள் ஒட்ட வேண்டிய பக்கம் ஒட்டினால் சரி. ஆல்டர்னேட்டர் போடுவதென்றால் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியாக வேண்டும். காயிலின் முனைகளை மாற்றி இணைப்பது எளிது. எலெக்ட்ரானிக் டேக்கோமீட்டர் உள்ள கார்களில் அதைத் திறந்து உள்ளே மாற்றம் செய்ய வேண்டும், பழைய ரேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், மாறிய எர்த்தில் எரிந்துபோகும்.

வயரிங்கில் ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், கட்டாயம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓட்ட நேரத்தைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும், அதைத் தெர்மோஸ்டாட் சுவிட்ச் வழியாகவோ ஐம்பது வருஷ இக்னிஷன் சுவிட்ச் வழியாகவோ அனுப்பினால் தொடுமுனைகள் கருகும். எப்போதும் கரண்ட் இருக்கும் பழுப்பு வயரிலிருந்து, தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ் வைத்து, தடிமனான வயரில் ரிலேவுக்கும் அங்கிருந்து ஃபேனுக்கும் கொண்டுபோங்கள். ரிலேவை இயக்கும் சின்ன கரண்ட் மட்டும் இக்னிஷனோடு சேரும் பச்சை வயரிலிருந்து தெர்மோஸ்டாட் சுவிட்ச் வழியாக வரட்டும். எர்த் வயரை, பெயிண்ட் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் போல்ட் போட்டு முடுக்குங்கள். காற்று சரியாக வராத ஃபேன்களில் எர்த் பழுது அடிக்கடி காரணமாக இருக்கும்.

ரிலே இல்லாமல் ஃபேனை நேராக இக்னிஷன் வயரில் கொடுத்தவர்களுக்கு வரும் விசித்திரம் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி அணைத்தாலும் இன்ஜின் சில நொடி ஓடிக்கொண்டே இருக்கும். சுழலும் ஃபேன் மோட்டார் அந்த நேரத்தில் ஜெனரேட்டராக மாறி, அதே வயர் வழியாக காயிலுக்குக் கரண்ட் அனுப்புவதுதான் காரணம். கார்புரேட்டரிலும் டைமிங்கிலும் கோளாறு தேடி நாள் கணக்கில் அலைய வைக்கும் பிரச்சினை இது, ரிலே போட்டதும் போய்விடும்.

தெர்மோஸ்டாட் சுவிட்சைத் தேர்வு செய்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. எம்ஜிபி-யின் வழக்கமான தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும், வெப்பநாடுகளுக்கு 74, குளிர்நாடுகளுக்கு 88. ஃபேன் அணையும் வெப்பநிலை, தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலையை விட மேலே இருக்க வேண்டும். 82 தெர்மோஸ்டாட்டோடு, 92-இல் போட்டு 87-இல் அணைக்கும் சுவிட்ச் நன்றாகப் பொருந்தும். "சீக்கிரம் குளிரட்டுமே" என்று 80-இல் அணையும் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? இன்ஜின் அந்த அளவுக்குக் கீழே இறங்கவே தெர்மோஸ்டாட் விடாது, ஃபேன் காலையிலிருந்து ராத்திரிவரை நிற்காமல் சுற்றும். இந்தக் கணக்கு சுவிட்ச் மேல் ஹோஸ் பக்கம், அதாவது சூடான தண்ணீரில் இருந்தால். கீழ் ஹோஸில் வைத்தால் ரேடியேட்டரில் குளிர்ந்து வந்த தண்ணீரைத்தான் அது பார்க்கும், அதற்கேற்பக் குறைந்த அளவுள்ள சுவிட்ச் வேண்டும்.

சுவிட்சை எங்கே பொருத்துவது என்பதற்கு மூன்று வழிகள் பார்த்திருப்பீர்கள். சுவிட்சிலிருந்து வரும், சூட்டை உணரும் மெல்லிய செப்புக் குழாயை ஹோஸுக்கும் ரேடியேட்டர் கழுத்துக்கும் நடுவில் நுழைப்பது ஒன்று, அந்த இடத்தில் கசிவு நிற்பது கஷ்டம். பிந்தைய எம்ஜிபி ரேடியேட்டர்களில் சுவிட்சை ரப்பர் வளையத்தில் அழுத்திக் கம்பிக் கிளிப்பால் பிடித்திருப்பார்கள், ரப்பர் இறுகிப்போனால் அழுத்தத்தில் பிதுங்கி வெளியே வந்துவிடும் என்பதால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். மூன்றாவது, மேல் ஹோஸை நடுவில் வெட்டி, மரை போட்ட உலோகக் குழாய் ஒன்றைச் சேர்த்து, அதில் சுவிட்சை முடுக்குவது. எனக்கு இதுதான் பிடிக்கும், நவீன கார்களின் உறுதியான சுவிட்சைப் போடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்த உலோகக் குழாயின் இரண்டு பக்கமும் ரப்பர், பாடியோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒற்றை முனை சுவிட்ச் என்றால் குழாயிலிருந்து எர்த் வயர் தனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் ஒருபோதும் சுற்றாது. இரண்டு முனை சுவிட்ச் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

கூடவே, தெர்மோஸ்டாட் சுவிட்ச் கைவிட்டால் நாமே போடுவதற்கு டேஷ்போர்டின் கீழ் ஒரு கைச்சுவிட்சும், ஃபேனுக்குக் கரண்ட் போகும்போது எரியும் சின்ன விளக்கும் வையுங்கள். பெல்ட் ஃபேன் நின்றால் சார்ஜ் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும், எலெக்ட்ரிக் ஃபேன் சத்தமில்லாமல் சாகும். நெரிசலில் முள் ஏறும்போது விளக்கு எரியவில்லை என்றால் அப்போதே கைச்சுவிட்சைப் போடலாம்.

பழைய ஃபேனைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது போல்ட் நீளம். அந்த நாலு போல்ட்டும் ஃபேனையும் இடைத்தகட்டையும் புல்லியையும் தாண்டிப் போகும் நீளத்தில் இருக்கும். ஃபேன் இல்லாமல் அதே போல்ட்டை முடுக்கினால் முனை பின்பக்கம் துருத்தி, பம்ப்பின் உடம்பில் உரசும். குட்டையான போல்ட் வாங்குங்கள், அல்லது ஃபேன் இருந்த தடிமனுக்கு வாஷர் வையுங்கள். முடுக்கிய பிறகு கையால் புல்லியை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

மற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் விவரங்கள் மாறும். ஜாகுவார் இ-டைப் 1961-இல் பிறந்தபோதே எலெக்ட்ரிக் ஃபேனோடுதான் வந்தது, அங்கே வேலை என்பது பழைய லூகாஸ் மோட்டாரை மாற்றி, றெக்கையையும் வயரிங்கையும் திருத்துவது. டிரையம்ஃப் டிஆர்6-இல் ஃபேன் வாட்டர் பம்ப்பில் இல்லை, கிராங்க்‌ஷாஃப்டின் முன்முனையிலேயே பூட்டியிருக்கிறது, அதைக் கழற்றுவது எம்ஜிபி போல நாலு போல்ட் வேலை கிடையாது.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால், வெளியே எடுத்துப்போகும் முன் வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள். ராத்திரியில், ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மோட்டார் மூன்றையும் போட்டு, காரை ஐட்லிங்கில் விடுங்கள். ஃபேன் தானாகப் போட்டுக்கொண்டு, சில நிமிஷத்தில் தானாக அணைந்து, மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்து முள் ஒரே இடத்தில் நின்றால், ஃபேன் உங்கள் காருக்கு மட்டுமட்டாகத்தான் போதும், அதைவிட வெயில் ஏறும் நாளில் போதாது. அப்புறம், சுற்றும்போதே ஃபேனின் இரண்டு முனையிலும் வோல்ட்மீட்டரை வையுங்கள், அதே நேரம் பேட்டரியிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலோ எர்த்திலோ இழப்பு இருக்கிறது. பேட்டரியிலேயே 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டு போனால் ஆல்டர்னேட்டர் போதவில்லை, பெரியதாக மாற்றும்வரை அந்த ஃபேனை நம்பி ராத்திரி நெரிசலுக்குள் போகாதீர்கள்.